பச்சை நூல்

ஜனவரி 18, 2025, சனி

போய்விட்டது. தூண்டில் கோலும் ரீலும் சேர்ந்தே.

முட்டுக்காடு முகத்துவாரம், காலை ஆறேகால். உயிர் மடவையைக் கோத்து வீசிவிட்டு, கோலை மணலில் நட்டுவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறக்கத் திரும்பினேன். ரீலின் டிராக்கை, மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கிற பிடியை, தளர்த்தவில்லை. தளர்த்தியிருந்தால் ரீல் கத்தியிருக்கும், நான் ஓடியிருப்பேன். இறுகிக் கிடந்ததால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தபோது மணலில் ஒரு கோடு மட்டும். கொடுவாதான், வேறெதற்கும் அந்த வலு கிடையாது.

தம்பி முதல் சம்பளத்தில் சிங்கப்பூரில் வாங்கிய கோல். "சும்மா வச்சா வீணாப் போகும், நீ போடு" என்று கொடுத்துவிட்டுக் கப்பலேறினான்.

ஜனவரி 19

தூக்கமில்லை.

ஜனவரி 20

கோவளம் கரையில் இன்னும் இரண்டு பங்குனி ஆமைகள். வீங்கி, கண் பிதுங்கி. இந்த மாதம் சென்னைக் கரையெங்கும் இதே காட்சி. இழுவை வலைக்குள் மாட்டி, மூச்சுவிட மேலே வரமுடியாமல் சாகிறவை என்கிறார்கள். தெரியும். ஆனாலும் குனிந்து கழுத்தையும் துடுப்பையும் பார்த்தேன், என் ரீலில் இருந்த பச்சை நூல் சுற்றியிருக்கிறதா என்று. இல்லை.

நூற்றைம்பது மீட்டர் பிரெய்டு, பின்னிய தூண்டில் நூல். பாலியெத்திலீன். தண்ணீரைவிட லேசு, மிதக்கும். எளிதில் மட்காது. முனையில் கொக்கி, கொக்கியில் அந்த மீன்.

ஜனவரி 22

பாலத்தடியில் வீசுகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கேட்டது ஒன்றுதான்: பச்சை நூல் மாட்டினால் அறுக்காதீர்கள், கையால் இழுத்துப் பாருங்கள். மாட்டினால் அறுப்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். இந்த வாய்க்காலில் எத்தனை பேருடைய நூல் கிடக்கிறதோ, இதுவரை நான் யோசித்ததே இல்லை.

வீச்சுவலை அண்ணன் மட்டும் நின்று விசாரித்தார். "எந்தப் பக்கம் இழுத்துச்சு?" பாலத்துப் பக்கம் என்றேன். "அப்ப உள்ளதான் கெடக்கும். வெளிய போயிருந்தா இப்ப வண்ணி வெள்ளம், வடக்கேருந்து தெக்கால ஓடுது, மாமல்லபுரம் வரைக்கும் தேடணும். கொடுவா கல்லத் தேடித்தான் போவும் தம்பி."

இரவு இதை நினைத்துக்கொண்டே படுத்தேன். கல்லுக்குள் போயிருக்கட்டும்.

ஜனவரி 25, சனி

செங்கல்பட்டுக்காரர் பாதாளக் கரண்டி கொண்டுவந்தார்! அவர் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் கிடந்தது. வளையத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள், வாளி விழுந்தால் எடுக்கிற அதே சாமான். சின்ன வயதில் எதிர்வீட்டில் வாங்கப் போனால் சொம்பை அடகு வைக்காமல் தரமாட்டார்கள். அதைச் சொன்னதும் சிரித்து, என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான்கு பேர், ஐந்து மணி நேரம். கிழிந்த வலைத்துண்டு, ஒரு செருப்பு, பழைய நரம்பு ஒரு பந்து, அதில் மூன்று கொக்கிகள், ஒன்றில் நண்டின் கால். எல்லாவற்றையும் பையில் கட்டி எடுத்து வந்தேன். பச்சை நூல் இல்லை.

கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கரண்டி என்னிடமே இருக்கட்டுமாம்.

ஜனவரி 26

இன்றும் இல்லை.

ஜனவரி 29

தை அமாவாசை. மதியம் நன்றாக வற்றியது. இடுப்பளவு தண்ணீரில் பாலத்துத் தூண்வரை காலால் துழாவிக்கொண்டே போனேன். உள்ளங்காலில் சிப்பி கிழித்ததுதான் மிச்சம்.

தம்பி டர்பன் துறைமுகத்திலிருந்து பேசினான். மாசியில் வருகிறான். "கோல் எப்படி இருக்கு?" என்றான். இருக்கு என்றேன்.

ஜனவரி 30

ஏன் அப்படிச் சொன்னேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பாலத்தடியில் வீசுகிற தொப்பிக்காரப் பையன் போன். "அண்ணா, பச்ச நூலு. அறுக்கல. புடிச்சிட்டு நிக்கிறேன், வாங்க."

வண்டி ஓட்டிய நினைவே இல்லை. நான் போய்ச் சேர நாற்பது நிமிடம். அதுவரை நூலைத் துண்டில் சுற்றிப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றிருக்கிறான். துண்டையும் மீறி உள்ளங்கையில் இரண்டு வெட்டு. பிரெய்டு அப்படித்தான் அறுக்கும். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான், அவனோடு இதற்கு முன் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை.

வீச்சுவலை அண்ணன் வலையைக் கரையில் போட்டுவிட்டுக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கினார். நூலை விரலிடுக்கில் விட்டு அதன் வழியே நடந்து, கல்லடியில் மூழ்கினார். இரண்டாம் தடவை கோலோடு எழுந்தார். அவர் சொன்ன அதே கல்.

அழுதுவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பையனுக்குக் கையில் கட்டுப்போட்டு, எல்லோருமாகப் போய் இட்லி சாப்பிட்டோம்.

பிப்ரவரி 3

ரீலை நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிரித்தேன். உடம்பெல்லாம் பொடிப்பொடியாகக் கொட்டலசு, கல்லிலும் படகிலும் ஒட்டிக்கொள்கிற ஓட்டுயிர். அலுமினியத்தில் வெள்ளை பூத்திருக்கிறது. பேரிங் இரண்டும் துரு, மாற்ற வேண்டும். பல்சக்கரம் பரவாயில்லை, கிரீஸ் காப்பாற்றியிருக்கிறது. கோலில் கீறல்கள், முறிவு இல்லை.

நூலை அளந்தேன். கையால், முழம் முழமாக. எழுபது மீட்டர்கூட வரவில்லை.

பிப்ரவரி 4

மீதி எண்பது மீட்டர் எங்கே?

பிப்ரவரி 6

தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், பொய் சொன்னதையும் சேர்த்து. ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது. கடலில் இருப்பான்.

பையனின் கை ஆறிவருகிறது. பௌர்ணமி 12ஆம் தேதி, மதியம் மறுபடி நன்றாக வற்றும். அவனும் வருகிறேன் என்கிறான். கரண்டிக் கயிற்றை மாற்றிக் கட்டி வைத்திருக்கிறேன்.