240டி பென்ஸ்ல பிரேக் பெடல் கல்லாப் போனதும், பூஸ்டரை மாத்தாமலே சரி பண்ணதும்

நம்ம வண்டி 83 மாடல் பென்ஸ் 240டி, டபிள்யூ123 பாடி, மேனுவல் கியர். சென்னை டிராஃபிக்ல ஓட்டும்போது பிரேக் முதல் மிதியில ஒழுங்கா இருக்கும், அடுத்தடுத்து ரெண்டு மூணு தடவை மிதிச்சா பெடல் கல்லாயிடும், வண்டி நிக்கும் ஆனா சீட்ல முதுகை அண்டக்கொடுத்து மிதிக்கணும். கூடவே இன்னொரு தொல்லை, சாவியை ஆஃப் பண்ணாலும் இன்ஜின் நிக்காது. பானெட்டைத் தூக்கி ஸ்டாப்னு எழுதியிருக்கற லீவரை கையால அமுக்கினாத்தான் அடங்கும். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் இதைப் பார்க்கறதுக்குன்னே வந்து நிப்பாரு.

மெக்கானிக் ஒரு தடவை மிதிச்சுப் பார்த்துட்டு "பூஸ்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்"னுட்டாரு. பூஸ்டர்னா நாம மிதிக்கற பலத்தைக் கூட்டித் தர்ற டப்பா. அவர் சொன்னது எனக்கு ஒத்துக்கல, ஏன்னா பூஸ்டர் மட்டும் போனா இன்ஜின் ஏன் நிக்காம ஓடணும்? இந்த வண்டியில பிரேக் பூஸ்டர், சாவி ஆஃப் பண்ணா இன்ஜினை நிறுத்தறது, நாலு கதவு, டிக்கி, டீசல் மூடி பூட்டு எல்லாமே வேக்குவம், அதாவது காத்தை உறிஞ்சி உண்டாக்கற வெற்றிடத்துலதான் வேலை செய்யுது. டீசல் இன்ஜின்ல பெட்ரோல் மாதிரி காத்தைக் கட்டுப்படுத்தற த்ராட்டில் வால்வு கிடையாது, அதனால மேனிஃபோல்டுல (இன்ஜினுக்குக் காத்து போற பைப்) வேக்குவம் கிடைக்காது, இன்ஜின் முன்னாடி தனியா ஒரு பம்ப் வச்சிருப்பான். ரெண்டும் ஒண்ணா மக்கர் பண்ணுதுன்னா முதல் சந்தேகம் அங்கதான் போகணும்.

ஆனாலும் பூஸ்டரை ஒரு கை பார்த்துட்டே போவோம்னு ஆரம்பிச்சேன், இதுக்கு டூல்ஸே வேணாம். இன்ஜின் ஆஃப்ல பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு இறுக்கமானதும் கால் எடுக்காம ஸ்டார்ட் பண்ணா பெடல் லேசா கீழ இறங்கணும். எனக்கு இறங்குச்சு, ஆனா ரொம்ப சாவகாசமா. அப்புறம் மிதிச்ச நிலையிலேயே இன்ஜினை நிறுத்திட்டு அரை நிமிஷம் பிடிச்சிருந்தேன், பெடல் காலைத் தள்ளல, உஸ்ஸுன்னு காத்து சத்தமும் இல்ல, அப்போ உள்ள இருக்கற ரப்பர் டயஃப்ரம் நல்லாத்தான் இருக்கு. பூஸ்டர் முன்னாடி இருந்து பிரேக் ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டரோட ரெண்டு நட்டைக் கழட்டி, பைப் மடங்காம ஒரு விரக்கடை முன்னாடி இழுத்து பின்பக்கம் விரலை விட்டுத் தடவினேன், தூசிதான் ஒட்டுச்சு, பிரேக் ஆயில் ஈரம் இல்ல. வெளிய எங்கயும் ஒழுகாம ஆயில் மட்டும் குறைஞ்சுட்டே வந்தா இந்த இடத்தைக் கண்டிப்பா பாருங்க, பெட்ரோல் வண்டின்னா அந்த ஆயிலை இன்ஜின் உறிஞ்சி வெள்ளைப் புகையா தள்ளும்.

அடுத்து, வண்டி பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜிபி ரோட்ல வாங்குன வேக்குவம் கேஜ். பூஸ்டருக்குப் போற பெரிய பைப்பைப் பிடுங்கி மாட்டினா ஐடில்ல 12 இன்ச் (பாதரச அளவு) கிட்ட தடுமாறுது, இந்த பம்ப் 20க்கு மேல காட்டணும். பெரிய பைப்புல இருந்து பிரியற சின்ன நிப்பிள் எல்லாத்தையும் அடைச்சுப் பார்த்தேன், கொஞ்சூண்டு ஏறுச்சு, அவ்வளவுதான். நேரா பம்ப் வாயிலயே மாட்டினாலும் அதே கதை. பெட்ரோல் வண்டிக்காரங்க மேனிஃபோல்டுல பார்த்தா ஐடில்ல 17லேர்ந்து 21 வரைக்கும் வரணும், அது கம்மியா இருந்தா பூஸ்டரைத் திட்டாம டியூனிங்கையும் கேஸ்கெட்டையும் பாருங்க.

பம்பைக் கழட்டினா டயஃப்ரம் ஓரத்துல கிழிசல். ரிப்பேர் கிட் போட்டா போதும்னு பலர் சொன்னாங்க, ஆனா ரோலரோட பேரிங்கை கையில ஆட்டிப் பார்த்தப்போ நல்லாவே லொடலொடன்னு ஆடுச்சு. இந்த இன்ஜின்கள்ல இது பேர்போன வியாதி, பேரிங் உடைஞ்சு பால்ஸ் டைமிங் செயின் பக்கம் விழுந்தா இன்ஜினே காலி. காசு போனாப் போகுதுன்னு முழு பம்பே புதுசா போட்டேன், பூஸ்டர் லைன்ல இருக்கற ஒன்-வே வால்வையும் சேர்த்து மாத்திட்டேன், அது சல்லிசான ஐட்டம்.

ஸ்டார்ட் பண்ணதும் கேஜ் சட்டுன்னு 23க்குப் போய் நின்னுச்சு, பிரேக் சும்மா வெண்ணெய். ஆனா இன்ஜின் இன்னும் சாவி திருப்பின உடனே நிக்கல, கொஞ்சம் இழுத்துட்டுத்தான் நிக்குது. கதவுப் பூட்டுக்குப் போற மஞ்ச டியூபை அடைச்சேன், டக்குனு நின்னுடுச்சு. கை பம்ப் வச்சு ஒவ்வொரு கதவா பார்த்ததுல இடது பின் கதவு, அதுவும் பூட்டற பக்கம் மட்டும் முள்ளு இறங்குது, திறக்கற பக்கம் அசையல. ட்ரிம்மைக் கழட்டிப் பார்த்தா பூட்டு யூனிட்டோட ரப்பர் வெடிச்சிருக்கு. பார்ட்டுக்கு சொல்லி வச்சிருக்கேன், அதுவரைக்கும் அந்த டியூப்ல ஒரு ஸ்க்ரூவைத் திருகி அடைச்சுட்டு அந்தக் கதவை மட்டும் கையால பூட்டிக்கறேன்.