சோபாவுக்குப் பின்னால் 5 கறைகள்

புஜ்ஜி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு 9 வாரம். டாஷ்ஹண்ட் என்ற குட்டைக்கால் நாய் இனத்துக் குட்டி, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்த இனம் வளர்த்தவர்கள் எல்லோரும், "ரொம்ப அடம் பிடிக்கும், பார்த்துக்கோங்க" என்றுதான் சொன்னார்கள். முதல் மூன்று வாரம் நானும் அப்படியே நம்பினேன். பின்வாசலில் கொண்டுபோய் விட்டால் காய்ந்த இலையைக் கடிக்கும், எறும்பு வரிசையைப் பின்தொடரும், மூச்சா மட்டும் போகாது. உள்ளே வந்து கதவைச் சாத்தினால் இரண்டே நிமிடத்தில் கூடத்து மிதியடி நனைந்திருக்கும்.

ஒவ்வொரு முறையும் திட்டினேன். அடிக்கவில்லை, ஆனால் ஈரத்தைக் காட்டிக் குரலை உயர்த்தினேன். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். செய்த தப்பு அதற்குப் புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது வாரம் கூடத்தில் ஈரமே இல்லை. பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னேன். ஆனால் வீட்டில் ஒரு புளித்த வாடை இருந்துகொண்டே இருந்தது.

ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா டார்ச்சை அடித்துத் தேடினோம். அந்த ஒளியில் காய்ந்த சிறுநீர் மங்கலாக ஒளிரும். சோபாவை நகர்த்தினால், சுவரோரமாக வெளிர்மஞ்சளில் 5 கறைகள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். மகள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தடுப்பூசிக்குப் போனபோது கால்நடை மருத்துவரிடம் சொன்னேன். "அடம் இல்லைங்க. உங்க கண்ணெதிர்ல போனா திட்டு விழும்னு கத்துக்கிச்சு. அதான் வெளியில நீங்க பக்கத்துல நிக்கும்போதும் அடக்கிட்டு, உள்ள வந்து மறைவா போகுது" என்றார். பின்வாசலில் பத்து நிமிடம் அது ஏன் இலையைக் கடித்துக்கொண்டே நின்றது என்பது அப்போதுதான் விளங்கியது. மூன்று வாரம் நான் தவறாமல் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

அன்றிலிருந்து திட்டு கிடையாது. உள்ளே போய்விட்டால் பேசாமல் துடைப்பது மட்டும்தான். எதைக் கொண்டு துடைக்கிறோம் என்பது முக்கியம். வாசனை கலந்த தரைத் திரவம் நம் மூக்குக்கு வாடையை மறைக்குமே தவிர, சிறுநீரின் வாசம் அங்கேயே தங்கிவிடும், நாயின் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அம்மோனியா உள்ளது இன்னும் மோசம், சிறுநீர் மாதிரியே வாசம் வரும். சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவம் வாங்கி, ஊற்றிய உடனே துடைக்காமல் ஊறவிட்டுத் துடைத்தோம். சோபா மூலைக்குப் புஜ்ஜி போவது அதற்குப் பிறகுதான் குறைந்தது.

அடுத்தது ஒரு நோட்டு. எப்போது சாப்பிட்டது, எப்போது தூங்கி எழுந்தது, எப்போது போனது என்று நேரம் போட்டு எழுதினோம். ஒரு வாரத்தில் கணக்கு தெரிந்துவிட்டது. சாப்பிட்டு 15, 20 நிமிடத்தில் கக்கா. தூக்கம் கலைந்தால் உடனே மூச்சா. ஓடி விளையாடும்போது 10 நிமிடத்துக்கு ஒரு தரம்கூடப் போகும். குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம் அடக்கும் என்பார்கள். அது தூங்கும் நேரத்துக்குத்தான் ஓரளவு பொருந்தும், அதிலும் சின்ன இனத்துக்கு இன்னும் குறைத்தே வைத்துக்கொள்ள வேண்டும். மூத்திரப்பை அத்தனை சிறியது. தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பகலில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் லீஷின் ஒரு முனை என் இடுப்பில். நான் எங்கே போனாலும் அதுவும் கூடவே வந்தது. அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அதன் ஜாடை பிடிபட்டது. விளையாட்டை நடுவில் நிறுத்தும், மூக்கு தரையைத் தொடும், வால் லேசாக விறைக்கும், அப்புறம் அரை வட்டம் சுற்றும். அந்த அரை வட்டத்துக்குள் தூக்கிவிட வேண்டும். நடத்திக் கூட்டிப்போனால் கதவுக்குப் போகும் வழியிலேயே சொட்டிவிடும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருப்பக்கம் விடவே இல்லை, பின்வாசல் மண் மட்டும்தான். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

வெளியே நான் முதுகைக் காட்டி நின்றேன், ஓரக்கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு. நான்காம் நாள் முதல்முறையாக என் பக்கத்திலேயே போனது. சந்தோஷத்தில், அது போய்க்கொண்டிருக்கும்போதே "சமத்து!" என்று கத்திவிட்டேன். பாதியில் நிறுத்திவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது, மீதி உள்ளே மிதியடியில். அப்புறம் கடைசிச் சொட்டு வரை மூச்சுக்கூட விடாமல் நின்று, அது நிமிர்ந்த நொடியில் அங்கேயே வாயில் தீனி வைத்தேன். உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் தீனி என்று எடுத்துக்கொள்ளும். போனவுடன் தூக்கிவருவதையும் நிறுத்தினேன். போய் முடித்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்று தெரிந்தால் அடக்கிக்கொள்ளத் தொடங்கும். ஐந்து நிமிடம் அங்கேயே விளையாட விட்டேன்.

மழை வந்ததும் எல்லாம் கலைந்தது. குட்டைக்கால் நாய்க்கு ஈரப் புல் நேரே வயிற்றில் படுகிறது. எனக்கே ஒரு நாள் குனிந்து அதன் அடிவயிற்றைத் தொட்டபோதுதான் தெரிந்தது, அத்தனை சில்லிட்டிருந்தது. தாழ்வாரத்தின் கீழே நனையாத மூலையில் ஒரு தட்டில் மண்ணும் புல்லும் போட்டு, அதன் மூத்திரம் துடைத்த காகிதத்தை மேலே வைத்தேன். வாசம் பிடித்து இரண்டு நாளில் அங்கே போகத் தொடங்கியது.

ஐந்தாம் மாதம் மறுபடி உள்ளே போனது. இந்தத் தடவை சொட்டுச் சொட்டாக, கால் மணிக்கு ஒரு தரம், போன பிறகு அங்கேயே நக்கிக்கொண்டு. பயிற்சி கெட்டுவிட்டது என்று நினைக்காமல் மறுநாளே சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கிருமித் தொற்று இருந்தது. மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்து முழுதும் கொடுத்ததும் சரியாகிவிட்டது. பழகிய குட்டி திடீரென்று மாறினால் முதலில் மருத்துவரிடம் போங்கள். அன்று மட்டும் நான் திட்டியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

ஏழாம் மாதம் கதவில் அதன் மூக்கு எட்டும் உயரத்தில் ஒரு சின்ன மணி கட்டினோம். புஜ்ஜி குரைத்துக் கேட்காது, கதவருகே போய்ச் சும்மா நிற்கும், நாங்கள் கவனிக்காமல் விட்டுவிடுவோம். ஒவ்வொரு முறையும் வெளியே போகுமுன் மூக்கால் மணியைத் தொடவைத்தோம். இப்போது அதுவாகவே அடிக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. விருந்தாளி யாராவது குனிந்து "புஜ்ஜி!" என்று கொஞ்சினால், அந்த இடத்திலேயே நாலு சொட்டு. அது பயமும் பரபரப்பும் கலந்தது, பயிற்சியில் சேர்த்தியில்லை, வளர வளரக் குறையும் என்கிறார் மருத்துவர். வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறோம்: முதலில் உட்காருங்கள், அது வந்து உங்கள் கையை மோந்து பார்க்கட்டும், அப்புறம் பேசுங்கள்.