அரிச்சல்முனையிலிருந்து திரும்பிய வழியில் எடுத்த படம்

பிப்ரவரி கடைசி வாரத்தில் நாங்கள் மூவர் மதுரையிலிருந்து இராமேசுவரம் கடற்கரைக்குச் சென்று, இரண்டு நாட்களில் ஏழு நிமிடக் காணொளி ஒன்றை எடுத்து முடித்தோம். முதல் நாள் பிறப்பன்வலசையில் கயாக் துடுப்புப் படகு, மறுநாள் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து, தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சைக்கிள் என்பதே திட்டம். எங்களில் யாரும் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். இப்படி ஒரு சிறு பயணத்தைப் படமாக்க நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் பயன்படக்கூடியது காற்றைப் பற்றி நாங்கள் தெரிந்துகொண்டதுதான் என்பதால், அதையே விரிவாக எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வாடகைக்கு எடுத்த காலர் மைக்கைச் சோதிப்பதற்காக வண்டியூர் தெப்பக்குளத்துக்குச் சென்றோம். அதிகாலையில் குளத்தைச் சுற்றிச் சைக்கிளில் பேசிக்கொண்டே இரண்டு சுற்று வந்து, வீட்டில் போட்டுக் கேட்டபோது, பேச்சு பெரும்பாலும் காற்றின் இரைச்சலில் அமுங்கிக் கிடந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் குளத்தின் ஒரே ஒரு கரையில் மட்டும் இரைச்சல் அடங்கி, சொற்கள் தெளிவாகக் கேட்டன. அந்தப் பக்கம் மரங்கள் அதிகம் போலும் என்று நினைத்துக்கொண்டு, மைக்குக்கு ஒரு ரோம உறை வாங்கியதோடு விட்டுவிட்டோம். அந்த ஒரு கரை எங்களுக்குச் சொல்ல வந்ததை அப்போதே புரிந்துகொண்டிருந்தால் அரை நாள் உழைப்பு மிஞ்சியிருக்கும்.

டிரோனை எடுத்துச் செல்வதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, பறக்கவிட நினைக்கும் இடம் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்றில் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்தாக வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்னும் கடற்படை விமானத் தளம் இருக்கிறது; தனுஷ்கோடிக்கு எதிரே கடல் எல்லை மிக அருகில் இருக்கிறது. இப்படிப்பட்ட கரையில் பொழுதுபோக்குக்காக டிரோன் பறக்கவிடுவது முறையல்ல என்பதே என் கருத்து. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் அதே எண்ணத்தோடு திட்டத்திலிருந்து விலக்கினோம்.

அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகப் பிறப்பன்வலசையை அடைந்தபோது பாக் நீரிணை தெப்பக்குளத்து நீரைப் போல அசையாமல் கிடந்தது. உடனே இறங்கிவிடத் துடித்த நாங்கள், ஒன்பதரை மணி வரை காத்திருந்தது நல்லதாயிற்று. கடற்புல் படுகைகளைப் படகிலிருந்தே காட்ட வேண்டுமானால் வெயில் ஓரளவு உயர்ந்திருக்க வேண்டும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது நீரின் மேற்பரப்பு வானத்தைத்தான் காட்டும். லென்ஸின் முன் போலரைசர் கண்ணாடியைப் பொருத்தி மெதுவாகத் திருப்பியபோது, நீர்மேல் இருந்த பளபளப்பு விலகி, இடுப்பளவு ஆழத்தில் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து அசைவது தெரிந்தது. ஆவுளியா என்று இக்கரையோர மக்கள் அழைக்கும் கடற்பசு மேயும் புல் அது. கடற்பசு எங்கள் கண்ணில் படவில்லை. ஆனால் அந்தப் புல்வெளியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

கயாக்கின் முனையில் பொருத்திய கோப்ரோ என்னும் சிறு கேமராவில் துடுப்பு போடும் ஒவ்வொரு முறையும் துளி தெறித்தது. உப்புநீர்த் துளி காய்ந்தால் வெண்புள்ளியாகப் படிந்துவிடும். அதைச் சட்டையால் துடைத்தால் லென்ஸில் கீறல் விழும். நல்ல தண்ணீர் நிரப்பிய சிறு தெளிப்புப் புட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தெளித்துவிட்டுத்தான் எடுத்தோம். துடுப்பு போடுபவரே படமும் எடுக்க முயன்றால் இரண்டும் கெடும் என்பதை முதல் கால் மணி நேரத்திலேயே உணர்ந்து, ஒருவர் எடுக்கவும் மற்றவர்கள் செலுத்தவும் என்று பிரித்துக்கொண்டோம். உயிர்காப்பு மேலாடையை ஒரு காட்சிக்காகக்கூடக் கழற்றவில்லை.

மறுநாள் காலை நேர்ந்த தவறு முழுக்க என்னுடையது. கேமராப் பையை இரவு முழுவதும் குளிரூட்டப்பட்ட அறையில் வைத்திருந்தேன். ஐந்தரை மணிக்கு வெளியே எடுத்ததும் கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, லென்ஸ் உள்ளும் புறமும் பனி மூடியதுபோல் மங்கிவிட்டது. வெளியே படிந்ததைத் துடைக்கலாம். உள்ளே படிந்ததற்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஏறத்தாழ அரை மணி நேரம் அப்படிக் கழிந்தது. பையை முந்தைய இரவே குளிரூட்டி இல்லாத இடத்தில் வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையுள்ள ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை 2017ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிபாடுகளைக் கடந்து, இருபுறமும் கடல் சூழ அது கிழக்கு நோக்கி ஓடுகிறது. நாங்கள் மைக்கை மாட்டிக்கொண்டு, அந்த ஊரைப் பற்றியும் புயலைப் பற்றியும் பேசியபடியே மிதித்தோம். பின்னாலிருந்து எடுத்த காட்சிகளில், எதிர்வெயிலில் நாங்கள் கறுத்து, வெறும் நிழலுருவங்களாகப் பதிவானோம். பாதி வழியில் நிறுத்திக் கேட்டுப் பார்த்தபோது ரோம உறையையும் மீறிக் காற்று சீறியது. ஒரு வாக்கியமும் தேறவில்லை.

அங்கே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம், காற்று எப்போது அடங்கும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "இது கொண்டல், தம்பி. பொழுது ஏற ஏறக் கூடத்தான் செய்யும். போகும்போது மூஞ்சியில அடிக்கும், வரும்போது முதுகுல தள்ளும். பேசுறத வரும்போது பேசுங்க."

கொண்டல் என்பது கீழ்க்காற்று. அவர் சொன்ன மறுகணமே தெப்பக்குளத்தின் அந்த ஒரு கரை எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே எங்களைக் காத்தவை மரங்கள் அல்ல. அந்தக் கரையில் நாங்கள் காற்றோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். கணக்கு எளியது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவர்மீது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மைக்கைத் தாக்குவது 30 கிலோமீட்டர் வேகக் காற்று. அதே காற்று பின்னாலிருந்து அதே வேகத்தில் வந்தால், மைக்கைச் சுற்றி ஏறக்குறைய காற்றே இல்லை. எந்த உறையும் செய்யாத வேலையைத் திசை செய்துவிடுகிறது.

ஆகவே முனைக்குப் போகும் வரை வாயைத் திறக்காமல் மிதித்தோம். எட்டு மணி அளவில் திரும்பியபோது வெயிலும் முதுகுப் பக்கமாக வந்துவிட்டது. முன்னால் செல்லும் காரிலிருந்து எடுக்கும் நண்பருக்கு வெயிலில் கூசிச் சுருங்காத எங்கள் முகங்களைப் படமாக்க முடிந்தது. (கார் மெதுவாகப் போயிற்று, பின்னால் வண்டி வரும்போதெல்லாம் ஓரம் கட்டினோம்.) புயல் இரவைப் பற்றி நான் பேசிய நாற்பது வினாடிகள் ஒரே எடுப்பில், ஒரு சொல்லும் சிதையாமல் பதிவாயின. படத்தில் பேச்சுள்ள பகுதிகள் எல்லாமே திரும்பும் வழியில் எடுத்தவைதாம்.

மதுரையில் படத்தொகுப்புக்கு உட்கார்ந்தபோது இதனாலேயே ஒரு சங்கடம் எழுந்தது. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்ததால் மூன்று மணி நேரக் காட்சிகள் 135 ஜிபி அளவுக்கு இருந்தன; அவற்றில் பேச்சுள்ளவை அனைத்தும் மேற்கு நோக்கிச் செல்பவை. சாலையின் தென்புறம் நின்று எடுத்தால் கிழக்கே போகும் சைக்கிள் இடமிருந்து வலமாகச் செல்லும்; வடபுறம் நின்று எடுத்தால் மேற்கே திரும்பும் சைக்கிளும் இடமிருந்து வலமாகவே செல்லும். இரண்டிலும் பின்னணி கடல்தான் என்பதால், திரும்பியதைப் போனதாகக் காட்டி ஒட்டிவிடலாம் என்று நண்பர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கரையில் வாழ்பவர்கள் அலை குறைந்த வடபுறத்துப் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தென்புறத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பிரித்தறிகிறார்கள். பின்னணியில் உள்ள அலையைப் பார்த்தாலே எந்தத் திசையில் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் படத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தாம் என்று நான் நினைத்தேன். எனவே போகும் வழியைப் பேச்சின்றி, சக்கர ஒலியும் காற்றின் சீறலுமாக ஒரு நிமிடம் அப்படியே விட்டு, முனையில் திரும்பிய பிறகு பேச்சைத் தொடங்கினோம். நிழலுருவங்கள் என்று ஒதுக்க இருந்த காட்சிகள் அந்த ஒரு நிமிடத்தில் பொருத்தமாக அமைந்தன.

கயாக் பகுதிக்கு மட்டும் பின்னணிக் குரல் தேவைப்பட்டது. வீடு கோரிப்பாளையத்தில் இருப்பதால் பேருந்து ஒலி ஓய்வதற்கு இரவு பதினொன்றரை ஆகும். அதன் பிறகு, மெத்தையைச் சுவரில் சாய்த்து, போர்வையைத் தலைக்கு மேல் கூடாரமாக்கிக்கொண்டு பேசிப் பதிவு செய்தேன்.

முடிந்த படத்தை அந்த மீனவரின் கைப்பேசிக்கு அனுப்பினேன். மறுநாள் அவரே அழைத்து, ஆடியில் ஒரு முறை வரச் சொன்னார். அப்போது வீசுவது தென்மேற்கிலிருந்து வரும் கச்சான். ஆண்கடல் கொந்தளிக்கும், மணல் சாலையில் ஏறும். பிற்பகலில் புறப்பட்டால் காற்றும் வெயிலும் முனையை நோக்கிப் போகும்போதே எங்கள் முதுகில் இருக்கும். சோதனைச் சாவடியினர் மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவதால், மூன்று மணிக்கே மிதிக்கத் தொடங்க வேண்டும்.