கோலாவும் கருதுகோளும்

ஒரு முடிவு உண்மையான வேறுபாட்டால் வந்ததா, வெறும் தற்செயலா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் கருதுகோள் சோதனை. இளநிலைப் புள்ளியியல் வகுப்பில் அதற்கு வந்து சேரும்போது மாணவர்களின் முகம் வாடிவிடும். பாடநூல் எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லத் தோன்றாது. நாணயம் சுண்டுவார்கள், பகடை உருட்டுவார்கள், பல்பு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று கணக்குப் பார்ப்பார்கள். எந்த மாணவனும் பல்பின் ஆயுளுக்காக நண்பனோடு சண்டை போட்டதில்லை. கோக் உசத்தியா, பெப்சி உசத்தியா என்று கேட்டால் போடுவான். அதனால் மதுரைக்குத் தெற்கே நான் வேலை பார்க்கும் கல்லூரியில் இந்தப் பாடத்தைக் கலர் பாட்டில்களை வைத்தே நடத்தி வருகிறேன்.

இதற்கு முன்னோடி ஒரு தேநீர்க் கதை. 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆய்வாளர், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். உடன் வேலை பார்த்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் அதைச் சோதிக்க வழி யோசித்தார். எட்டுக் கோப்பை, பால் முதலில் ஊற்றியவை நான்கு, தேநீர் முதலில் ஊற்றியவை நான்கு. எட்டிலிருந்து நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. குருட்டாம்போக்கில் சொல்பவருக்கு எல்லாம் சரியாக அமைய 70இல் ஒரு வாய்ப்புதான். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்துவிடும்: "சார், கோக்கையும் பெப்சியையும் நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்."

அப்படிச் சொல்பவனுக்காகத்தான் முக்கோணச் சோதனை இருக்கிறது. மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. வேறானது எது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பானம் பிடிக்கும் என்பது தனியாக ஒரு விருப்ப அட்டவணையில் ஏறும். தெரியாதவனும் மூன்றில் ஒரு முறை தப்பித்துவிடுவான் என்பதால், 30 பேர் சுவைத்தால் பத்துப் பேர் சரியாகச் சொல்வதில் வியப்பில்லை. குருட்டாம்போக்கில் 15 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொல்ல ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான். அதனால் 15 பேராவது சொன்னால்தான், ஐந்து சதவீத அளவில், நாக்கு உண்மையிலேயே வேறுபாட்டை உணர்கிறது என்று எழுதலாம்.

எழுதுவது சுலபம், ஏற்பாடுதான் பாடு. ஆளுக்கு மூன்று கோப்பை, கோப்பைக்கு 30 மில்லி என்றால் 30 பேருக்கு 2.7 லிட்டர். பெரிய பாட்டில்கள் இரண்டு என் சொந்தச் செலவு. துறைக்கு வரும் நிதியில் கலருக்குத் தலைப்பு கிடையாது. இரண்டு பாட்டிலும் ஒரே தெர்மோகோல் பெட்டியில், ஒரே பனிக்கட்டிக்குள் கிடக்க வேண்டும். ஒன்று சற்றுக் குளிர்ச்சி குறைந்தாலும் இனிப்பு தூக்கலாகத் தெரிந்து குட்டை உடைத்துவிடும். முதலில் திறந்த பாட்டிலில் கேஸ் போய்விடும், அதனால் இரண்டையும் ஒன்றாகத் திறக்க வேண்டும். கோப்பையில் ஒன்று, இரண்டு என்று எழுதினால் ஒன்றுக்கு ஒரு தனி மரியாதை வந்துவிடும் என்பதால் 482, 917 என்று பொருளற்ற மூன்றிலக்க எண்கள். இரு பானங்களையும் மூன்று கோப்பைகளில் மாற்றி மாற்றி அடுக்க ஆறு முறைகள் இருக்கின்றன, முறைக்கு ஐந்து பேர். இடையில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர். ஆங்கிலப் புத்தகங்கள் உப்பில்லாத பிஸ்கட்டைச் சொல்கின்றன. நாங்கள் பொரி வைக்கிறோம். பொரி நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் சோதனை தொடங்கும் முன்பே பாதி காலியாகிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கடினம் வாயைக் கட்டுவது. ஒருவன் முகம் சுளித்தால் பக்கத்தில் மூன்று பேர் விடையை மாற்றிக்கொள்கிறார்கள். அதனால் சுவரைப் பார்த்து நிற்க வைக்கிறேன். ஒரு மாணவி கோப்பையைக் காதருகே வைத்து நுரை பொரியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருவன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தான். இரண்டு பானங்களிலும் நிறம் தருவது கருக்கிய சர்க்கரைச் சாயம்தான், பார்த்துப் பயனில்லை. துறைத் தலைவர் ஒருமுறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், கல்யாண வீடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பவண்டோவைச் சேர்க்காததில் ஆண்டுதோறும் ஒரு கூட்டத்துக்கு மனத்தாங்கல். குறிப்பாக விருதுநகர்ப் பிள்ளைகளுக்கு. 1916இல் பழனியப்ப நாடார் தங்கள் ஊரில் தொடங்கிய காளிமார்க்கின் சரக்கு அது, இன்றும் நிற்கிறது என்ற பெருமை அவர்களுக்கு. நியாயமான பெருமைதான். ஆனால் பவண்டோவின் திராட்சை மணம் கோப்பை மூக்கருகே வருவதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். எல்லோரும் சரியாகச் சொல்லும் சோதனையில் படிப்பதற்கு என்ன இருக்கிறது? "அப்படியானால் எங்கள் கலர்தான் ஜெயித்தது என்று எழுதிக்கொள்ளலாமா சார்?" என்று கேட்டான் ஒருவன். எது என்று தெரிவது வேறு, எது பிடிக்கிறது என்பது வேறு என்று விளக்க எனக்கு அதைவிட நல்ல கேள்வி கிடைத்ததில்லை.

கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்ற கடைசி பெஞ்சுக்காரன் தவறான கோப்பையைக் காட்டினான். வகுப்பே ஓவென்று கத்தியது. அவன் கொஞ்சமும் அசையவில்லை. "இருக்கட்டும். எனக்குக் கோக்தான் பிடிக்கும்" என்றான். மற்றவர்கள் அதை வீம்பு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் பணம் கொடுத்து வாங்குவது நாக்குக்கு மட்டுமல்ல. கிரிக்கெட் ஆடி முடித்து, கடை வாசலில் நான்கு பேர் ஒரு பாட்டிலைக் கைமாற்றிக் குடிக்கும் மாலையையும் சேர்த்தே வாங்குகிறான். அதை நாங்கள் எண் ஒட்டிய காகிதக் கோப்பையில் ஊற்ற மறந்துவிட்டு, விருப்பத்தை அளந்துவிட்டதாகச் சொன்னால் எப்படி?

கோக் நிறுவனமே இதில் சூடுபட்டிருக்கிறது. பெப்சி 1975இல் அமெரிக்காவில் கண்மறைவுச் சுவைச் சோதனைகளை விளம்பரமாக்கியது. ஒரு வாய் குடித்துப் பார்த்தவர்களில் பலர் பெப்சியைத் தேர்ந்தார்கள். கோக்கோ கோலா ஏறத்தாழ இரண்டு லட்சம் பேருக்குச் சுவைக்கக் கொடுத்துப் பார்த்து, இன்னும் இனிப்பான புதிய கலவையை 1985 ஏப்ரலில் இறக்கியது. வந்து குவிந்த கோபத்தில் 79 நாட்களில் பழைய கோக் கடைக்குத் திரும்பியது. மாதிரியின் அளவு போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு வாய்க்கு இனிப்பு இதமாக இருக்கும், முழு பாட்டிலுக்குத் திகட்டும் என்பது அந்தச் சோதனைக்கு எழுந்த ஒரு விமர்சனம். என் மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரியைப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது குடிக்காத ஒரு மாணவிதான். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பெயர் கூப்பிட்டதும் வந்தாள், மூன்று கோப்பைகளையும் பார்த்தாள், விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தாள். உடம்புக்கு ஆகாதா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லை சார். எங்கள் வீட்டில் இரண்டையும் வாங்குவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ஆற்றுத் தண்ணீர் விஷயம்" என்றாள்.

திருநெல்வேலி அருகே கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தருவதற்கு எதிரான வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச்சில் அதை நீக்கியது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறாத அந்த மார்ச் 1 முதல், இந்த இரு பானங்களையும் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்களும் அறிவித்திருந்தன. பல கடைகளில் சில மாதங்களிலேயே பழைய பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. அப்போது சிறுமியாக இருந்த இவள் வீட்டில் திரும்பவில்லை.

அவள் பெயருக்கு நேராக என்ன எழுதுவது என்று வகுப்பில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. 'விடை இல்லை' என்று எழுதி விட்டுவிடலாம் என்றார்கள் பலர். மயக்கமாக இருக்கிறது என்று வராமல்போனவனையும் இவளையும் ஒரே கட்டத்தில் போடுவதா என்று இன்னொருத்தி எதிர்த்தாள். எது பிடிக்கும் என்ற கேள்விக்கு இவ்வளவு திட்டவட்டமாகப் பதில் சொன்னவள் இவள் ஒருத்தி, அவளைத்தான் கணக்கிலிருந்து நீக்குகிறோம் என்றாள். காரணத்தோடு விடுபடும் தரவை எப்படிக் கையாள்வது என்பது முதுகலையில் வரும் பாடம். அன்று இரண்டாமாண்டு வகுப்பில் தானாக வந்துவிட்டது. கடைசியில் முக்கோணச் சோதனையில் அவளைச் சேர்க்காமல், விருப்ப அட்டவணையில் 'இரண்டும் வேண்டாம்' என்று ஒரு புதிய பத்தி போட்டார்கள். போட்ட கையோடு இன்னும் சிலர் தங்கள் விடையை அங்கே மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். அனுமதிக்கவில்லை. குடித்த பிறகு கட்சி மாறக் கூடாது என்றேன்.

செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் பதிவேட்டில் அந்தப் பத்தியைப் பார்த்துவிட்டு, இது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். அவளையே அழைத்துப் பதில் சொல்லச் சொன்னேன்.