கேஏ எண் ஸ்போர்ட்ஸ் பைக்கை வேலூருக்கு மாற்றிய கதை

காட்பாடிப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் பைக் மலிவாகக் கிடைக்கும். படிப்பு முடிந்து ஊர் திரும்பும் வெளிமாநில மாணவர்கள் வண்டியைத் தள்ளிவிட்டுப் போகிற காலம் அது. அப்படி வாங்கியதுதான் இந்த யமஹா ஆர்15. பெங்களூருப் பதிவு, அதாவது கர்நாடகத்தின் கேஏ எண், மூன்று வயது முடிந்து நான்காவது நடந்துகொண்டிருந்தது. ஓட்டிப் பார்த்ததிலும் பிடித்துப்போனதிலும் சொல்ல ஒன்றுமில்லை.

விலையில்தான் முதல் சண்டை. புரோக்கர் ஆன்ரோடு விலையான 1,95,000 ரூபாயில் 30 சதவீதம் கழித்து 1,36,500 கேட்டார். பழைய உரிமையாளர் கட்டிய சாலை வரிக்கும் காப்பீட்டுக்கும் நான் ஏன் பணம் தர வேண்டும்? தேய்மானத்தை ஷோரூம் விலையிலிருந்துதான் கழிக்க வேண்டும். காப்பீட்டுத் தாளில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும், காப்பீட்டு நிறுவனம் வண்டிக்குப் போடும் மதிப்பு அது, அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டிலிருந்து மூன்று வயதுவரை 30, நான்குவரை 40, ஐந்துவரை 50 சதவீதம் கழிவு. 1,60,000 ஷோரூம் விலைக்கு 40 போனால் 96,000. “காப்பீட்டுக் கணக்கு வேற, சந்தை வேற தம்பி” என்றார். சந்தை வேறுதான், ஆனால் பேரத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்தத் தாள் முடிவுசெய்துவிடுகிறது.

“35 சதவீத நோ கிளைம் போனஸ் இருக்கிறது” என்று அடுத்த தூண்டில் போட்டார். இழப்பீடே கேட்காதவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது. அது வண்டியோடு வராது, ஆளோடு போய்விடும் என்றதும் அமைதியானார். பிறகு என் மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்தார். ஹேண்டில்பார் முனையிலும் இடப்பக்க ஃபுட்ரெஸ்டிலும் ஒரே பக்கமாகத் தேய்ந்த கோடு. பக்கவாட்டு பிளாஸ்டிக் மட்டும் புத்தம் புதியது. விழுந்த வண்டி என்று அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. டயரின் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பின் டயர் வண்டியைவிட மிகவும் இளையதாக இருந்தால் எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்று யோசியுங்கள். 94,000-க்கு முடித்தேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பெருமை, வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான தடையில்லாச் சான்று வரைதான் நீடித்தது. ஆர்சி, அதாவது பதிவுச் சான்றிதழ், விற்ற மாணவரின் அப்பா பெயரில் இருந்தது. கூடவே வங்கிக் கடன் பதிவும் இருந்தது. “கடன் எப்போதோ முடிந்துவிட்டது சார், நேரில் வாருங்கள், ஒரே நாளில் முடித்துவிடலாம்” என்று அந்த அப்பா சொன்னதை நம்பிப் பிருந்தாவன் ரயிலில் ஏறிப் பெங்களூருக்குப் போனேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகக் கவுண்டரில் இருந்தவர் வங்கியின் கடிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தேதி காலாவதி, புதிதாக வாங்கி வாருங்கள் என்றார். கடன் நீக்கப் படிவம் 35-இல் வங்கி முத்திரை வேண்டும், அது முடிந்தால்தான் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28. அதற்கும் முன்னால் நிலுவையில் கிடந்த போக்குவரத்து அபராதத்தைக் கட்டியாக வேண்டும். அப்பா மகனைப் பார்த்தார், மகன் செல்போனைப் பார்த்தார். கட்டியது நான்.

வேலூர் அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 எல்லாம் சரியாகவே இருந்தன. வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தாளில் ஓர் இலக்கம் மங்கல் என்று எழுத்தர் திருப்பி அனுப்பினார். வண்டி வாசலில்தான் நின்றது. எட்டிப் பார்க்க அவருக்கு மனமில்லை. தேய்த்தெடுக்கும்போதே இரண்டு மூன்று நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தமிழ்நாட்டு வரி. வண்டியின் வயதுக்கேற்பக் குறைகிறது என்றாலும், மலிவாக வாங்கியதில் மிஞ்சியதன் பெரும்பகுதியை அது விழுங்கிவிட்டது. வெளிமாநில வண்டி வாங்குபவர்கள் இந்த வரியை விசாரித்துக் கழித்துவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியின் மீதியைத் திரும்பக் கேட்கலாம். அந்தப் பணம் யாருக்கு என்று முன்பணம் கொடுக்கும் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் பெயர் மாற்றச் சொல்லுங்கள்.

டிஎன் 23 பலகை மாட்டிய வாரமே சத்துவாச்சாரியில் ஒருவர் 1,15,000-க்குக் கேட்டார். கேஏ பலகையோடு நின்றபோது இதே ஆள் விலைகூடக் கேட்கவில்லை. கொடுக்கவில்லை. வரி மீதிக்கான விண்ணப்பம் பெங்களூரில் இன்னும் கிடக்கிறது. மாணவரின் அப்பா இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை.