பெரியப்பாவின் ஏடிசி 110: எஞ்சினைத் தவிர மற்றதெல்லாம் தொல்லை

காட்டிலும் மணலிலும் ஓடும் பழைய மூன்று சக்கர வண்டியான ஹோண்டா ஏடிசி 110 ஒன்றைச் சீராக்கி ஓடவைத்துவிட்டேன் என்று சொன்னதும், வண்டிகளைப் பற்றித் தெரிந்த நண்பர்கள் அனைவரும் எஞ்சினைப் பற்றியே விசாரிக்கிறார்கள். எஞ்சின் எனக்கு ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. சிலிண்டரைக் கழற்றி, ரிங் மாற்றி, வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தி, டேப்பெட் இடைவெளியை 0.05 மி.மீ. அளவில் வைத்து மூடியதோடு அந்த வேலை முடிந்தது. என்னை அலைக்கழித்தவை வேறு: யாரோ குப்பையில் போட்டுவிட்ட கார்புரேட்டர், துருவேறி ஒட்டிக்கொண்ட பின் ஆக்சில், 1983-ஆம் ஆண்டின் விற்பனைச் சீட்டில் மாற்றி எழுதப்பட்ட ஓர் எண்.

வண்டி எங்கள் பெரியப்பாவுடையது. எழுபதுகளின் இறுதியில் அமெரிக்காவுக்கு வந்து, வட மிச்சிகனில் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டிலிருந்து விறகு இழுத்து வருவதற்காக இதை வாங்கினார். அவர் மறைந்த பிறகு அது கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நடுவில் ஒருமுறை அண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன், அதை ஒரு பழுதுபார்ப்புக் கடையில் கொடுத்து வாங்கினார். என் துன்பங்களில் பாதி அந்தக் கடையில்தான் தொடங்கியது.

இந்த வண்டியில் ஹோண்டா பொருத்தியிருந்தது கெய்ஹின் என்ற நிறுவனத்தின் கார்புரேட்டர். அந்தக் கடைக்காரர் அதைச் சுத்தம் செய்யும் சிரமத்தைத் தவிர்க்க, மலிவான நகல் ஒன்றைப் பூட்டிவிட்டு அசலை எறிந்துவிட்டார். போல்ட் துளைகள் பொருந்தின என்பதைத் தவிர அந்த நகலில் எதுவும் பொருந்தவில்லை. சோக்கை இழுத்தால் வண்டி கிளம்பும்; சோக்கைத் தள்ளியதும் ஐடிலிங் ஏறி இறங்கித் தடுமாறும்; ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இருமிவிட்டு நின்றுவிடும். சரியான அளவு ஜெட்டுகளை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைத் திருகுகளை, வாங்கிப் போடலாமென்றால், நகலின் மரை வேறு. கெய்ஹின் ஜெட் அதில் ஏறவில்லை. காற்றுக் கசிவா, இக்னிஷனா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்துச் சோதித்த பிறகுதான் குற்றவாளி அந்தப் பளபளப்பான புதுப் பொருள் என்று உறுதியானது. கடைக்காரரிடம் பழையதைப் பற்றி விசாரித்தேன். "அதையெல்லாம் யார் வைத்துக்கொள்வார்கள்?" என்றார்.

விஸ்கான்சினில் ஒருவர் இதே வண்டியைப் பிரித்துப் பாகங்களாக விற்றுக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து ஓர் அசல் கெய்ஹின் வாங்கினேன். மிதவைக் கிண்ணம் முழுவதும் பச்சை படிந்து, பைலட் ஜெட்டின் துளை அரக்கு போன்ற படிவத்தால் அடைபட்டு, பார்ப்பதற்கு நம்பிக்கையே தராத நிலையில் வந்து சேர்ந்தது. பழைய பெட்ரோல் ஆவியாகிக் காய்ந்த பிசின் அது. அல்ட்ராசோனிக் தொட்டியில் ஊறவைத்து, மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையால் துளையைத் திறந்து, கேஸ்கெட்டுகளை மட்டும் மாற்றிப் பூட்டியதும், கயிற்றை இழுத்த சற்று நேரத்தில் எஞ்சின் சீராக நின்று ஓடியது. எஃகுக் கம்பியோ ஊசியோ கொண்டு ஜெட்டைக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை விரிந்துவிட்டால் அந்த ஜெட் பயன்படாது. பழுதுபார்க்க வண்டியை எந்தக் கடையில் கொடுத்தாலும், கழற்றும் பாகங்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது எத்தனால் கலக்காத பெட்ரோலைத் தேடிப் போய்தான் ஊற்றுகிறேன். ஏரிக்கரைப் படகுத்துறைகளில் அது பெரும்பாலும் கிடைக்கிறது. பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. குளிர்காலம் முழுவதும் நிறுத்திவைக்கும் வண்டிக்கு அது ஆகாது.

டேங்கின் உட்புறத் துருவை மின்பகுப்பு முறையில் எடுத்தேன். சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை டேங்கிலும் நேர்முனையைத் தண்ணீருக்குள் தொங்கும் இரும்புக் கம்பியிலும் இணைத்தால் துரு தானே உதிரும். அந்தக் கம்பி டேங்கின் சுவரைத் தொடக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். அதிலிருந்து நச்சுத்தன்மை வாய்ந்த குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வெளியேறுவதால் வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். அதற்கு முன் டேங்கில் பெட்ரோல் வாடையே இல்லாதபடி கழுவி உலர்த்தியிருக்க வேண்டும்.

எஞ்சின் மூடிகளைக் கழற்றப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் கால ஜப்பானிய வண்டிகளில் இருக்கும் நட்சத்திரத் தலைத் திருகுகள், பார்வைக்கு பிலிப்ஸ் போலத் தோன்றினாலும், ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவைச் சேர்ந்தவை. பல திருகுகளின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். பிலிப்ஸ் முனையை வைத்துத் திருகினால் அது வழுக்கி மேலேறி, தலையை வழித்துவிடும். முன்னர் சொன்ன கடைக்காரர் அப்படித்தான் பல திருகுகளை வழித்து வைத்திருந்தார். ஜேஐஎஸ் முனையை இம்பேக்ட் டிரைவரில் மாட்டிச் சுத்தியலால் தட்டியதில் பெரும்பாலானவை வந்துவிட்டன; வராதவற்றின் தலையை டிரில் செய்து எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றிய பின் எஞ்சிய தண்டை இடுக்கியால் திருக வேண்டியிருந்தது.

இனி ஆக்சில். இந்த வண்டிக்கு ஷாக் அப்சார்பரும் இல்லை, திருப்பத்தில் இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலும் இல்லை. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் மாட்டப்பட்டவை. அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்குகளைக் காப்பது ரப்பர் சீல்கள் மட்டுமே. பெரியப்பா ஓடையில் இறக்கி ஏற்றிய ஒவ்வொரு முறையும் சிறிது தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும். ஹப்பின் உட்பற்களும் தண்டின் பற்களும் துருவால் ஒன்றோடொன்று பிணைந்து, நட்டைக் கழற்றிய பின்னும் ஹப் அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயை நாள்தோறும் ஊற்றி ஊறவைத்து, ஹப்பை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை மாட்டி இறுக்கி, ஹப்பைச் சுற்றிச் சூடேற்றி, புல்லரின் தலையில் ஓங்கி அடித்தபோது வெடி வெடித்தது போன்ற சத்தத்துடன் ஒரு பக்கம் விடுபட்டது. பிரேக் டிரம் இருக்கும் பக்கம் அதைவிடப் பிடிவாதம். அவசரப்பட்டுத் தண்டின் முனையில் நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிவிடும். நட்டைத் தண்டின் முனை மட்டத்துக்குத் திருகிவைத்துவிட்டு, இடையில் ஒரு பித்தளைத் துண்டைக் கொடுத்து அடியுங்கள்.

பேரிங் வாங்குவதற்காக ஒரு டீலரின் பாகங்கள் பிரிவுக்குப் போன பயணம் முழு விரயம். வண்டியின் பெயரைச் சொன்னதும், மூன்று சக்கர வண்டிகளுக்கு நாங்கள் எதையும் விற்பதில்லை என்று கணினியைத் தொடாமலே பதில் வந்தது. டயர் மாட்டுமிடத்திலும் அதே கதை; காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொள்ளாது என்று தனிச் சக்கரத்தைக்கூட வாங்க மறுத்தார்கள். இந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1970-இல் ஹோண்டா 89 சிசி எஞ்சினுடன் இந்த வகையை அறிமுகப்படுத்தியது. எண்பதுகளில் விற்பனை பெருகியபோது விபத்துகளும் பெருகின. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் முறைப்பாட்டின் பேரில் அமெரிக்க அரசு 1987 டிசம்பரில் வழக்குத் தொடுக்க, 1988-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்படிக்கையின்படி ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய நிறுவனங்கள் புதிய மூன்று சக்கர வண்டிகளை விற்பதை நிறுத்தின. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் புதியவற்றுக்கான தடையை உறுதிப்படுத்தியது. பழையதை வைத்திருப்பதையோ பழுதுபார்ப்பதையோ இவற்றில் எதுவும் தடுக்கவில்லை. கவுன்ட்டரில் நிற்பவருக்கு அந்த வேறுபாட்டை விளக்கி முடிப்பதற்குள் அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுகிறார்.

ஆகவே வண்டியின் பெயரைச் சொல்லாமல் வாங்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் அதன் வளையத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும்; அது உலகப் பொதுவான எண். பேரிங் விற்கும் எந்தக் கடையிலும் அதைச் சொன்னால் அது எந்த வண்டிக்கென்று யாரும் கேட்பதில்லை, விலையும் குறைவு. ரப்பர் சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். எஞ்சின் பாகங்களுக்கு இன்னோர் ஆறுதல்: 52 மி.மீ. விட்டமும் 49.5 மி.மீ. வீச்சும் கொண்ட இந்த 105 சிசி எஞ்சின், ஹோண்டாவின் சிடி110 மோட்டார்சைக்கிளில் இருக்கும் படுக்கைவாட்டு எஞ்சினின் உறவினம். அந்த மோட்டார்சைக்கிளுக்குப் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அளவு ஒத்துப்போகிறதா என்று பார்க்கக் கையில் பழைய பாகம் இருக்க வேண்டும்; அதனால்தான் எதையும் எறியாதீர்கள் என்கிறேன்.

டயரை நானே மாட்டினேன். சோப்பு நீர் தடவி, ரிம்மில் விளிம்பு உட்காரும்வரை மட்டும் காற்று ஏற்றி, உடனே இறக்கிவிட வேண்டும். ஹோண்டா சொல்லும் அழுத்தம் வெறும் 2.2 பிஎஸ்ஐ. பெட்ரோல் நிலையத்துக் கருவியில் இந்த அளவைப் படிக்கவே முடியாது. குறைந்த அழுத்தத்துக்கென்று விற்கும் அளவுகோலை வாங்கியாக வேண்டும். பின் டயர்கள் இரண்டின் சுற்றளவையும் நாடாவால் அளந்து ஒன்றாக்குங்கள். டிஃபரன்ஷியல் இல்லாததால் சிறு வேறுபாடு இருந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் தாள்களின் படலம் தொடங்கியது. மிச்சிகனில் பொதுத் தடங்களிலும் மணற்குன்றுகளிலும் ஓட்டுவதற்கு உரிமப் பட்டை ஒட்ட வேண்டும். உரிமைப் பத்திரமும் வேண்டும். எங்களிடம் இருந்தது பெரியப்பாவின் கருவிப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த விற்பனைச் சீட்டு மட்டுமே. பெரியம்மாவின் கையொப்பம், இறப்புச் சான்றிதழின் அத்தாட்சி பெற்ற நகல் ஆகியவற்றுடன் போனோம். அலுவலர் பொறுமையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் சீட்டிலிருந்த எண் அவருடைய கணினியில் ஏறவில்லை. 1981-க்குப் பிந்தைய வண்டிகளின் சட்டக எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. எங்கள் சீட்டிலிருந்ததோ அதைவிடக் குறைவு. விற்றவர் அன்று சட்டக எண்ணுக்குப் பதிலாக எஞ்சின் எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சுமை நாற்பது ஆண்டுகள் கழித்து எங்கள் தலையில் விழுந்தது.

ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஒருவர் வண்டியை நேரில் பார்த்துச் சட்டக எண்ணைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்றார்கள். அவர் வந்த அன்று, எண் இருக்கவேண்டிய இடத்தில் பூசியிருந்த தடித்த கறுப்புப் பெயின்ட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இதுவும் அந்தக் கடைக்காரரின் கைவண்ணம். பெயின்ட் நீக்கியைத் தடவிப் பித்தளைத் தூரிகையால் மெதுவாகத் தேய்த்தபோது எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அரைக்கும் சக்கரத்தை அந்த இடத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எண் தேய்ந்துவிட்டால், திருட்டு வண்டியோ என்ற ஐயம் எழும். எஞ்சினில் இருந்த எண் சீட்டில் எழுதியிருந்த எண்ணோடு ஒத்துப்போனதை வந்தவர் தாமாகவே கவனித்து அதையும் குறித்துக் கொடுத்தார். எஞ்சின் உறையை மாற்றாமல் வைத்திருந்ததன் பயன் அப்போதுதான் தெரிந்தது. சட்டக எண்ணைப் படமெடுத்து, சரிபார்ப்புத் தாளுடன் இணைத்துக் கொடுத்த பிறகு வேலை தடையின்றி முடிந்தது. நீங்கள் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்குவதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

ஓட்டுவதைப் பற்றி இரண்டே சொற்கள். திருப்பத்தில் உடலை உட்பக்கம் சாய்க்காவிட்டால் வண்டி கவிழப் பார்க்கும். தடுமாறும்போது மோட்டார்சைக்கிள் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றினால், பின் டயர் குதிகாலைப் பிடித்து மேலேறிவிடும்; கால் எப்போதும் மிதியிலேயே இருக்கட்டும். மிச்சிகனில் 16 வயது நிரம்பாதவர்கள் மூன்று சக்கர வண்டியை ஓட்டுவதற்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அண்ணன் மகனுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை என்பதால், சில்வர் லேக் மணற்குன்றுகளில் அவன் கொடி பிடித்துக்கொண்டு நிற்க மட்டுமே அனுமதித்தோம். அவன் கோபம் இன்னும் தீரவில்லை.

கியர் ஷாஃப்ட் சீலில் மட்டும் இன்னும் எண்ணெய் கசிகிறது. அதன் அளவைக் குறித்து ஆர்டர் கொடுத்திருக்கிறேன். சீல் வந்து சேரும்வரை கொட்டகையில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்திருக்கிறோம்.