வளவுக்கு வானம் வைக்க மறந்த கதை

கேம் ஆடுற இடத்த நாமளே கட்டுற மேப் எடிட்டர்ல கை வச்சவன் எவனும் முதல்ல சொந்த வீட்டத்தான் கட்டுவான், நானும் அதத்தான் பண்ணேன். காரைக்குடில ஒரு பிரவுசிங் சென்டர்ல கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6ங்குற சுடுற கேம ஆடி ஆடி, அதோட டஸ்ட் 2 மேப்புல கண்ண மூடிக்கிட்டு ஓடுற அளவுக்கு ஆயிருந்த நேரம், அங்க ஒரு அண்ணன் அந்த கேமுக்கு மேப் கட்டுற ஹேமர் எடிட்டர சிடில போட்டுக் குடுத்தாரு.

எங்க வீடு கானாடுகாத்தான் பக்கம். முன்தெருல முகப்பு, அப்புறம் வளவுன்னு நடுவுல திறந்த முத்தம், ரெண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் அடுத்த தெருல. ஆசாரிகிட்ட டேப் வாங்கி அளந்தேன், எடிட்டரோட அளவுல அடிக்கு 12 யூனிட்னு போட்டேன், ஏன்னா கேம்ல ஆள் ஒசரம் 72 யூனிட், ஆறடின்னு வச்சா கணக்கு சரியாத்தான வருது. ஆனா உள்ள போய் நடந்தா அவ்ளோ பெரிய வீடு கோழிக்கூடு மாதிரி இருக்கு. ஆளோட அகலமே 32 யூனிட், அத யோசிக்கல. அடிக்கு 16னு மாத்துனப்பதான் வீடு வீடாச்சு. உள்அறை நிலைவாசல வீட்ல இருக்குற மாதிரியே தாழ்வா 64 யூனிட்ல வச்சேன், குனியாம ஒருத்தனும் உள்ள போக முடியல. அத மட்டும் மாத்தல, நெசத்துலயும் அப்படித்தானே.

கட்டுனத கேம்ல ஓடுற மாதிரி மாத்த கம்பைல் போட்டா லீக்னு பிழை வந்து நிக்குது. மேப் நாலா பக்கமும் மேலயும் கீழயும் அடைச்சிருக்கணும், ஒரு ஓட்டை இருந்தாலும் எங்கேருந்து எது தெரியும்னு கணக்குப் போடுற விஸ் வேலை ஓடாது. ரெண்டு நாள் சுவர் சுவரா தேடுறேன். லீக் ஆகுது லீக் ஆகுதுன்னு நான் பொலம்புறதக் கேட்டு அப்பத்தா, "ஓடு மாத்தச் சொல்லி உங்க அப்பச்சிகிட்ட எத்தனை தடவ சொல்றது"ங்குது. கடைசில ஓட்டைக்கு வழி காட்டுற பாயின்ட்ஃபைல லோட் பண்ணா கோடு நேரா வளவு நடுவுல போய் மேல ஏறி வெளிய போகுது. வளவு திறந்த முத்தம்ல, மேல ஒண்ணுமே வைக்கல நான்! அந்த எஞ்சின்ல வானத்துக்கும் ஒரு பிளாக் போட்டு ஸ்கை டெக்ஸ்சர்ங்குற வானப் படத்த ஒட்டணும். ஒட்டுனதும் வெயில் வளவுல எறங்குச்சு பாருங்க, ஆத்தங்குடிக் கல்ல போட்டோ எடுத்து டெக்ஸ்சராக்கி தரையில போட்டிருந்தேனா, கொஞ்ச நேரம் சும்மா நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அந்த சந்தோஷம் முதல் ஆட்டம் வரைக்கும்தான். ஒருத்தன் ஏடபிள்யூபி ஸ்னைப்பர் துப்பாக்கிய தூக்கிட்டு முகப்புல உக்காந்தான், எல்லாரையும் முடிச்சிட்டான். நம்ம வீட்ல வாசலுக்கு நேர் வாசல்தான, முகப்புல உக்காந்தபடியே பின்வாசல்ல வர்ற பால்காரர அப்பத்தா அதட்டும். குடியிருக்க நல்ல பிளான், சுடுறதுக்கு ரொம்ப மோசமான பிளான். முதல்ல நடுவுல ஒரு சுவர் எழுப்பினேன், பாக்கவே சகிக்கல, பாகப்பிரிவினை ஆன வீடு மாதிரி. அப்புறம்தான் டஸ்ட் 2 நடுக்கதவு ஞாபகம் வந்துச்சு. டேவ் ஜான்ஸ்டன் 2001ல பண்ண மேப், ரெட்டைக் கதவுக்கு நடுவுல ஒரு சந்து விட்டிருப்பாரு, அது வழியா டெரரிஸ்ட் டீம் பக்கத்துலேருந்து சுடலாம், ஆனா குறுக்க ஓடுறவன் கண்ணுல படுறது ஒரு நொடிதான். அதாவது நேர்கோட்ட அழிக்கவே இல்ல, இடுக்கி விட்டிருக்காரு. நானும் சுவர இடிச்சிட்டு வளவுக் கதவ ஒருக்களிச்சு வச்சேன், பக்கத்துல போற சந்த ரெண்டாவது வழியாக்கினேன். தேக்குத் தூணுங்க தானா மறைவாயிடுச்சு. தூண உருண்டையா பண்றேன்னு 24 பக்கம் வச்சு மெஷின திணறடிச்சது தனிக்கதை, 8 பக்கமே போதும்.

மறுபடி சென்டர்ல போட்டோம், ரவுண்டு நல்லா போச்சு. எங்க பங்காளி வீட்டுப் பையன் மட்டும் வளவுல வடக்கு அறைக் கதவ சுட்டுக்கிட்டே நிக்கிறான். "அது எங்க புள்ளி அறைடா, ஏன்டா பூட்டி வச்சிருக்க"ங்குறான். எங்க பக்கம் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, வளவுல அதுக்குன்னு ஒரு அறை. உள்ள என்ன இருக்குன்னு நான் பார்த்ததே இல்லடா, சாவி உங்க வீட்லதான இருக்குன்னேன்.